ஹ்ரோன்செக் மரக்கோயிலுக்கு 300 ஆண்டு: இன்னும் 77,300 ரூபாய் குறைகிறது

அன்பான சபையாருக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் சபைப் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஐரோப்பாவில் ஸ்லோவாக்கியா நாட்டின் ஹ்ரோன்செக் என்ற கிராமத்தில், நம்மைப் போலவே மார்ட்டின் லூதர் வழியில் நிற்கும் லுத்தரன் மக்களின் மரக்கோயிலைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம், அந்தக் கோயிலின் மரமாதிரி ஒன்று, இரண்டையும் அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாளில் நம் வாசகசாலையில் வைப்பதாகச் சபைக் கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கி முடிவு செய்தோம். செப்டம்பர் 15க்குள் அச்சகத்துக்கும் தச்சருக்கும் பணம் கட்டியாக வேண்டும். பெட்டியில் போதுமான பணம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கேயோ இருக்கிற கோயிலுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கோயில் எப்படி எழுந்தது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது என்று கமிட்டி நம்புகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அந்த நாட்கள் லுத்தரன் மக்களுக்கு இருண்ட நாட்கள். இன்றைய ஸ்லோவாக்கியா அப்போது ஹங்கேரி ராஜ்யத்தின் பகுதி. கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் வம்சத்து அரசர்களின் ஆட்சி. கோயில்களைப் பிடுங்கினார்கள், போதகர்களைத் துரத்தினார்கள். 1681ஆம் ஆண்டு சோப்ரோன் நகரத்தில் கூடிய ராஜ்யச் சட்டசபையில் அரசர் முதலாம் லியோபோல்ட் கொஞ்சம் இறங்கி வந்தார். அங்கே இயற்றிய சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகள் சில இடங்களில் மட்டும் கோயில் கட்டிக்கொள்ள அனுமதி தந்தன. அனுமதியோடு வந்த நிபந்தனைகளைக் கேளுங்கள். கல் வைக்கக் கூடாது, மரத்தால்தான் கட்ட வேண்டும். இரும்பு ஆணி கூடாது. கோபுரம் கூடாது. ஊருக்கு வெளியேதான் இடம். ஒரே வருஷத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். செலவு முழுக்க மக்களுடையது. இப்படி எழுந்தவை 38 கோயில்கள். மரத்தில் கட்டியவற்றில் இன்று நிற்பவை ஐந்து மட்டும்.

ஹ்ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஹ்ரோன்செக் கோயில் அந்த ஐந்தில் ஒன்று. 1725 அக்டோபரில் அடிக்கல். 1726 இலையுதிர்காலத்தில் வேலை முடிந்தது. நாலு கைகளும் நீண்ட சிலுவை வடிவம். பெரிய மரச்சட்டங்களை நிறுத்தி, மரத்துக்குள் மரத்தைச் செருகி, மர ஆணியால் இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே படிப்படியாக உயர்ந்துபோகும் பெஞ்சுகளில் 1,100 பேர் உட்காரலாம். கூட்டம் நெரியாமல் வர, போக ஐந்து கதவுகள். கோபுரம் கூடாது என்பதுதானே சட்டம்? அதனால் மணிக்கூண்டைக் கோயிலோடு ஒட்டாமல் தனியாக, அதையும் மரத்திலேயே கட்டினார்கள். பீடத்தில் ஆறு ஓவியங்கள் உண்டு, 1771இல் வரைந்தவை. திருச்சபை ஆண்டின் காலத்துக்குத் தக்கபடி மாற்றி மாற்றி வைப்பார்கள். நம் பீடத்தில் காலத்துக்கு ஒரு நிறத்தில் விரிப்பு மாற்றுகிறோமே, அதே ஒழுங்குதான்.

அதே சட்டப்படி எழுந்த வேறு இரண்டு கோயில்களைப் பற்றியும் புத்தகத்தில் அத்தியாயம் வைத்திருக்கிறோம். கெஷ்மரோக் கோயில் 1717இல் கட்டியது. மற்றது பாலுட்சா கிராமத்துக் கோயில். அதை 1774இல் கட்டிய தலைமைத் தச்சர் யோசெஃப் லாங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்வார்கள். ஆனால் கட்டிய கோயில் மத்திய ஐரோப்பாவின் மிகப் பெரிய மரக்கட்டடங்களில் ஒன்று. லிப்டோவ்ஸ்கா மாரா அணை வந்து ஊர் தண்ணீருக்குள் போனபோது, 1974 முதல் 1982 வரை அந்தக் கோயிலைக் கழற்றி எடுத்து, ஸ்வாட்டி கிரிஷ் என்ற ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். நம் ஊர்த் தச்சர் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்.

1781இல் அரசர் இரண்டாம் யோசேப்பு, கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வழிபட இடம் தரும் சகிப்பு ஆணையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த நெருக்கடி தளர்ந்தது. 2008இல் யுனெஸ்கோ, கார்பாத்திய மலைப்பகுதியின் எட்டு மரக்கோயில்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் லுத்தரன் கோயில்கள் மூன்று: ஹ்ரோன்செக், லெஷ்டினி, கெஷ்மரோக்.

சரி, நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஹாலே. நம் பெரியவர்கள் பக்தியோடு சொல்லும், ஜெர்மனியில் உள்ள அதே ஹாலே நகரம்தான். அங்கே ஆசிரியராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடம் படித்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதே பத்தாண்டில் அதே ஹாலேயில் படித்தவர் மத்தேய் பெல் என்ற ஸ்லோவாக்கிய அறிஞர். அவர் 1708இல் ஊர் திரும்பி பான்ஸ்கா பிஸ்த்ரித்சா நகரத்தில் பள்ளி நடத்தினார். ஹ்ரோன்செக் அந்த நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஒரே ஆசிரியரின் ஒரு மாணவர் நம் கடற்கரைக்கு வந்தார், இன்னொருவர் அந்த மலைநாட்டுக்குப் போனார். தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை ஆனது. எட்டு வருஷம் கழித்து ஹ்ரோன்செக்.

இன்னொன்றையும் சபையார் மறக்கக் கூடாது. நம் முதல் தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்த்து கப்பலேறி வந்தவை. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஹாலேயில் அச்சடித்தார்கள். அவற்றைப் படித்து, நம் முகம் பார்க்காத எத்தனையோ பேர் காசு அனுப்பினார்கள். அந்தக் காசில்தான் நம் முன்னோர் எழுத்துப் படித்தார்கள். வாங்கிப் பழகிய சபை நாம். அதே விசுவாசத்துக்காகச் சொந்தக் கையால் கோயில் எழுப்பியவர்களின் வரலாற்றைத் தமிழில் ஒரு புத்தகமாகவாவது வைப்பது நம் கடமை என்று கமிட்டி நினைக்கிறது.

இனி கணக்கு. புத்தகம் 800 பிரதி, பக்க வடிவமைப்பும் அச்சும் சேர்த்து 74,000 ரூபாய். மாதிரிக்குத் தேக்கு மரம் 38,000. தச்சர் இருவர் கூலி 52,000. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் செய்யச் சொல்லியிருப்பதால் நாள் கூடும், கூலியும் கூடும். கண்ணாடிப் பெட்டியும் தாங்கும் மேசையும் 19,500. மொத்தம் 1,83,500. வந்தது 1,06,200. குறைவது 77,300.

தந்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று 21,400 ரூபாயைச் சில்லறையோடு எண்ணிக் கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கு நன்றி. கத்தாரில் வெல்டிங் வேலை செய்துகொண்டு, இங்கே அம்மாவின் வைத்தியச் செலவையும் பார்த்துக்கொண்டு, 15,000 அனுப்பிய தம்பியைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. முதியோர் பென்ஷனில் 500 ரூபாய் எடுத்து வைத்து, வேண்டாம் பாட்டியம்மா என்று சொல்லியும் கேட்காமல் பெட்டியில் போட்ட பெரியம்மாவை நினைத்தால் சுவிசேஷத்தில் வரும் ஏழை விதவைதான் கண்முன் நிற்கிறாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் உடைத்து 2,310 தந்தார்கள். தச்சர் பெரியவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, மாரியம்மன் கோயில் தெருக்காரர். மரத்தில் செய்த கோயில் என்றால் எனக்கும் அது சாமி வேலைதான் என்று சொல்லி முன்பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு இந்தச் சபை கடன்பட்டிருக்கிறது. அப்புறம், பேர் எழுத வேண்டாம் என்று சொல்லி இரண்டு முறை தந்த அண்ணனுக்கும் நன்றி. பேர் தேவனுக்குத் தெரியும்.

மனம் வருந்தினாலும் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பதிவேட்டில் 140 குடும்பங்கள். இதுவரை தந்தவை 46. மீதி 94 குடும்பங்களில் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு, அவர்களிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை, அவர்கள் ஜெபித்தால் போதும். ஆனால் கையில் வசதி இருக்கிறவர்களும் அந்த 94இல் இருக்கிறார்கள். கூட்டத்தில் முதலில் கைதூக்கியவர்களில் சிலரும் இருக்கிறார்கள். கிறிஸ்மஸ் ஸ்டார் விளக்குக்கும் அசன விருந்துக்கும் நாம் யோசிக்காமல் செலவு செய்கிறோம், அது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் முன்பணம் வாங்காத வேற்றுத் தெருக்காரர் ஒருவர் நமக்காக மரம் இழைத்துக்கொண்டிருக்கும்போது, நாம் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடுவது சபைக்கு அழகில்லை. அந்த 94க்கும் சராசரியாகக் குடும்பத்துக்கு 850 ரூபாய் வந்தால் குறை தீர்ந்துவிடும். இரண்டு தவணையாகவும் தரலாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிப் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வாசகசாலை வாசலில் இருப்பார். வெளியூர்ப் பிள்ளைகள் சபைக் கணக்கிலேயே போடலாம், குறிப்பில் 'மரக்கோயில்' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் காணிக்கையோடு கலந்துவிடும். பணத்துக்குப் பதிலாக மரம் தர விரும்புகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள், காய்ந்த தேக்குதான் ஆகும். 1,000 ரூபாய்க்கு மேல் தருகிற குடும்பத்துக்கு ஒரு புத்தகம் உண்டு. வரவுசெலவுக் கணக்கு முழுவதையும் நவம்பர் முதல் ஞாயிறு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கடைசி நாள் செப்டம்பர் 15.

கர்த்தரின் பணியில்,
மரக்கோயில் புத்தகக் கமிட்டியார்