தரவை மறைக்க நினைக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ வேலை செய்யும் அதே மரபணுவைப் பற்றி இன்னொரு குழு முந்திக்கொண்டு கட்டுரை போட்டுவிட்டதாகச் சொன்னாய். இனிமேல் கையிலிருக்கும் தரவை யாருக்கும் காட்டப்போவதில்லை என்றும் சொன்னாய். அழுதுகொண்டிருந்தவளிடம் போனில் வாதாட மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உன் துறையையே எடுத்துக்கொள். மனிதனின் முழு டிஎன்ஏ வரிசையையும் படித்தறிய அரசுப் பணத்தில் நடந்த மனித ஜீனோம் திட்டம் 1990-ல் தொடங்கியபோது 15 வருடம், 300 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். 1998-ல் விஞ்ஞானி கிரெய்க் வென்டர் செலெரா என்ற தனியார் நிறுவனத்தோடு வந்து, மூன்றே வருடத்தில் முடிக்கிறேன் என்றார். அப்புறம் அரசுத் தரப்பு பிடித்த வேகம் இருக்கிறதே! 2000 ஜூன் 26 அன்று வென்டரும் அரசுத் தரப்பின் தலைவர் பிரான்சிஸ் காலின்ஸும் வெள்ளை மாளிகையில் சேர்ந்து நின்று முதல் வரைவை அறிவித்தார்கள். வென்டர் வராமலிருந்தால் இன்னும் நாளாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் செலெரா தன் தரவைப் பணம் கட்டியவர்களுக்குத்தான் முழுசாகக் காட்டியது. அரசுத் தரப்பு விஞ்ஞானிகளோ 1996-லேயே பெர்முடாவில் கூடி, படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் திறந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்தப் பொதுத் தரவை எடுத்துச் சேர்த்துத்தான் செலெராவும் தன் வரைவைக் கோத்தது. அது தெரிந்தும், அரசுத் தரப்பில் பிரிட்டன் பகுதியை நடத்திய ஜான் சல்ஸ்டன் போன்றவர்கள் கதவை மூடவில்லை. அந்த மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அரசுத் தரப்புக்கு ஒரு சிக்கல் இருந்தது. வரிசை துண்டு துண்டாகக் கிடந்தது, கோப்பதற்குக் கணினி நிரல் இல்லை. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் உன்னைப் போல ஒரு ஆராய்ச்சி மாணவர், ஜிம் கென்ட், நாலு வாரம் போல இரவு பகலாக உட்கார்ந்து எழுதினார். ராத்திரி மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொள்வார், விடிந்தால் மறுபடி விசைப்பலகை. ஜூன் 22-ல், செலெராவுக்குச் சில நாள் முன்பு, கோத்து முடித்தார். ஜூலை 7 அன்று அது இணையத்துக்கு வந்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவரும் ஜெயிக்கத்தான் ஓடினார். மரபணுக்களை யாரோ காப்புரிமை போட்டுப் பூட்டிவிடுவார்களே என்ற கவலைதான் அவரை விரட்டியது. டிஎன்ஏ வரிசையை இணையத்தில் பார்க்க நீ தினமும் திறக்கும் ஜீனோம் பிரவுசர் அவர் ஆரம்பித்ததுதானே?

இன்று நீ மறைத்தால், உன் மரபணுவால் வரும் நோயோடு இருக்கும் குழந்தைகளுக்கு அதனால் என்ன லாபம், சொல்?

அவர்களிடம் இல்லாத நோயாளி மாதிரிகள் உன்னிடம் இருப்பதாகப் போன மாதம் சொன்னாயே, அப்படியென்றால் உன் கட்டுரைக்கு இடம் இருக்கிறது. சீக்கிரம் எழுது, இதழில் வரும்வரை காத்திராமல் முன்பதிப்பாக இணையத்தில் போடு, தரவையும் கூடவே போடு. முந்திய குழுவுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பு. உன் பேராசிரியர் தயங்கினால் நேரில் உட்கார்ந்து பேசு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அம்மா