ஏர் ஃப்ரையரில் பெர்ரி காப்ளர்: செய்முறைக்கு ஒரு திருத்தம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சென்ற வாரம் வெளியான 'ஏர் ஃப்ரையரில் மிக்ஸ்டு பெர்ரி காப்ளர்' என்னும் செய்முறையைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் மகள் குடும்பத்தோடு பதினான்கு ஆண்டுகளாக வசித்துவரும் நான், தங்கள் இதழை நாள்தோறும் இணையத்தில் படிக்கிறவள். இந்த ஊருக்கு வந்த முதல் கோடையில் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டியிடம், பழத்தின்மேல் மாவு வைத்து வேகவைக்கும் இனிப்பான காப்ளரைச் செய்யக் கற்றுக்கொண்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் செய்துவருகிறேன். அந்தப் பண்டத்தின் பெயரைத் தமிழ் நாளிதழில் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. அதனாலேயே, அச்சில் வந்த செய்முறையை ஒரு வரியும் மாற்றாமல் செய்து பார்த்தேன். பன்னிரண்டு நிமிடங்களில் மேல்மாவு கருஞ்சிவப்பாகி ஓரங்கள் தீய்ந்துவிட்டன. கரண்டியால் கிளறிப் பார்த்தால் மாவின் அடிப்பாகம் பசை போல வேகாமல் இருந்தது. அதற்கும் கீழே பழம் கெட்டிப்படாமல் சாறாக நின்றது. மாவில் ஆங்காங்கே நீலமும் பச்சையும் கலந்த திட்டுகள் தெரிந்தன. தமிழகத்தில் முதன்முறையாக இதைச் செய்து பார்க்கும் ஒருவர், காப்ளர் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

காப்ளர் அமெரிக்கர்களின் வீட்டுச் சமையலில் வந்தது. 'அவன்' (oven) எனப்படும் பேக்கிங் அடுப்பு வசதி இல்லாத காலத்தில் கனத்த இரும்புப் பாத்திரத்தில் பழத்தைக் கொதிக்கவிட்டு, அதன்மேல் மாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, மூடிமேல் தணல் வைத்து வேகவைத்தவர்களும் உண்டு. அங்கே பிஸ்கட் என்று சொல்வது நம் டீக்கடைப் பிஸ்கட் அல்ல. வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த, மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சு போன்ற மென்மையும் கொண்ட சிறு ரொட்டி அது. அந்த மாவுதான் காப்ளரின் மேல்பாகம். அதன் அடிப்பக்கம் கீழே கொதிக்கும் பழச்சாற்றின் ஆவியில் இட்லி போல வேகும். மேல்பக்கம் உலர்ந்த சூட்டில் சிவக்கும். கீழிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு சூடுகளும் சேர்ந்தால்தான் இந்தப் பண்டம் அமையும். தங்கள் செய்முறை தவறிய இடமும் இதுவே.

ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் பொரிப்பது என்ற பொருள் இருந்தாலும் அதில் எதுவும் பொரிவதில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் இதனை அறிமுகப்படுத்தியபோது குறைந்த எண்ணெயில் உருளைக்கிழங்கு வறுவல் என்பதையே முன்னிறுத்தியது. ஆனால் அமைப்பைப் பார்த்தால் இது விசிறி பொருத்திய ஒரு சிறிய அவன்தான். பெரும்பாலான வீடுகளில் உள்ள கூடை வகையில், சூடேற்றும் கம்பிச்சுருளும் விசிறியும் மேலே இருக்கின்றன. துளையிட்ட கூடையில் கிழங்கைப் பரப்பும்போது சூடான காற்று துளைகள் வழியாகக் கீழேயும் சுற்றி வரும். துளையில்லாத பாத்திரத்தை அந்தக் கூடைக்குள் வைத்ததும் அந்த வழி பெருமளவு அடைபட்டுவிடும். மேல்பரப்பை அனல்காற்று அறைய, கனமான பழக்கலவையின் அடிப்பகுதி பின்தங்கிவிடுகிறது. இந்நிலையில், உறைந்த பழத்தைப் பையிலிருந்து அப்படியே பாத்திரத்தில் கொட்டி, மாவைப் போட்டு, 200 டிகிரி செல்சியஸில் 12 நிமிடங்கள் வைக்கும்படி தங்கள் செய்முறை கூறுகிறது. என்னிடமுள்ள சமையல் வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்தபோது, மேலே தீய்ந்திருந்த அந்தக் காப்ளரின் உட்பகுதி 58 டிகிரியைத்தான் காட்டியது.

பழத்தைத் தனியே அடுப்பில் வைத்து, நடுப்பகுதியும் தளதளவென்று கொதித்த பிறகே மாவை அதன்மேல் போட வேண்டும். ஏர் ஃப்ரையருக்கென்று நான் செய்துகொண்ட மாற்றம் இது ஒன்றுதான். மற்ற எல்லாத் திருத்தங்களும் இதற்குப் பின்புதான். கொதிக்கும் பழத்தின்மேல் மாவு விழுந்ததும் அதன் அடிப்பக்கம் அப்போதே வேகத் தொடங்கிவிடும். மேல்பக்கத்தை மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

கொதிக்கவிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உறைய வைத்த பெர்ரிகள் ஹெபடைடிஸ் ஏ என்னும் கல்லீரல் தொற்றைப் பரப்பிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. 2015ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உறைந்த கலவை பெர்ரிப் பைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது அவற்றுள் ஒன்று. உறைநிலை இந்த வைரஸைக் கொல்வதில்லை. உணவு முழுவதும் 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது மருத்துவத் துறையினர் கூறும் அளவு. சர்க்கரை சேர்ந்த பழத்துக்கு இன்னும் சற்று நேரம் கொடுப்பது நல்லது. கையால் பறித்து, பெரும்பாலும் வேகவைக்காமலே உறைய வைக்கப்படும் பழத்தை அரைச்சூட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்கும்படி ஒரு செய்முறை இருந்தால், அது சுவையைப் பற்றிய குறை மட்டுமன்று.

அடுத்து, தங்கள் செய்முறையில் வரும் இரண்டு சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'சோள மாவு 2 மேசைக்கரண்டி' என்று அதில் அச்சாகியிருக்கிறது. தமிழில் சோளம் என்றால் ரொட்டியும் களியும் செய்யும் வெள்ளைச் சோளம். மாவு மில்லில் சோள மாவு கேட்டால் அதைத்தான் தருவார்கள். மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவை நினைப்பவர்களும் இருப்பார்கள். செய்முறைக்குத் தேவைப்படுவது இரண்டும் அல்ல. மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த, தொட்டால் நறநறவென்று ஒலிக்கும் வெண்ணிற ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. இந்தியக் கடைகளில் இது கார்ன்ஃப்ளார் என்ற பெயரில் கிடைக்கிறது. அமெரிக்காவிலோ கார்ன்ஃப்ளார் என்றால் அரைத்த மாவு, ஸ்டார்ச்சின் பெயர் கார்ன்ஸ்டார்ச். தங்கள் இதழைக் கடலின் இரு கரையிலும் படிக்கிறோம் என்பதால், 'கார்ன்ஃப்ளார், அமெரிக்காவில் கார்ன்ஸ்டார்ச்' என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்டால் குழப்பம் இராது. இந்த ஸ்டார்ச்சும் கொதியைத்தான் எதிர்பார்க்கிறது. அறுபது டிகிரிக்கு மேல் உப்பத் தொடங்கினாலும், சாறு குமிழியிட்டுக் கொதிக்கும் நிலைக்கு வந்த பிறகே அது முழுமையாகக் கெட்டிப்பட்டுப் பளபளப்பாகிறது. அதற்கு முன் இறக்கினால் சாறு கலங்கலாக நின்று பச்சை மாவு வாடை வீசும்.

இரண்டாவது சொல் 'ஆப்ப சோடா'. பேக்கிங் பவுடர் இருக்க வேண்டிய இடத்தில் ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி என்று வந்திருக்கிறது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதற்குத் தேவையான அமிலமும் சேர்ந்தே இருக்கும். ஆப்ப சோடா தனிக் காரம். வெறும் பாலில் பிசைந்த மாவில் அதைப் போட்டால், வினைபுரிய அமிலம் போதாமல் சோப்பு போன்ற சுவையைத் தரும். நான் கண்ட நீலப் பச்சைத் திட்டுகளுக்கும் இதுதான் காரணம். ப்ளூபெர்ரி, ப்ளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி ஆகியவற்றின் நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி, புளிப்பில் சிவந்தும் காரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும் இயல்புடையது. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வது சுவைக்காக மட்டுமன்று, அந்தச் செந்நிறத்தைக் காப்பதற்காகவும்தான்.

புளிப்புக்கும் ப்ளூபெர்ரிக்கும் உள்ள உறவு சமையலறைக்கு வெளியே தொடங்குகிறது. நான் வசிக்கும் இம்மாநிலத்தில்தான் ப்ளூபெர்ரி தோட்டப் பயிரானது என்பதைப் பேத்தியின் பள்ளிப் பாடத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடரிக் கோவில் இந்தச் செடிக்கு அமிலத்தன்மையுள்ள மண் தேவை என்பதைக் கண்டறிந்து 1910இல் வெளியிட்டார். அதைப் படித்த எலிசபெத் ஒயிட் என்னும் பெண்மணி, ஒயிட்ஸ்பாக் என்ற ஊரிலிருந்த தம் குடும்பத்துக் கிரான்பெரிப் பண்ணையில் இடம்தர முன்வந்தார். காட்டில் பெரிய கனி தரும் செடிகளைத் தேடிக் கொண்டுவர ஊர்மக்களுக்குப் பணம் கொடுத்து, கனியை அளக்கக் கருவியும் கொடுத்தனுப்பினார். அப்படி வந்த செடிகளிலிருந்து 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குச் சென்றது. இன்று அதே பகுதியிலுள்ள ஹாமன்டன் ஊரில் கூடையோடு போய் நாமே பறித்துக்கொள்ளும் தோட்டங்கள் உண்டு. எங்கள் வீட்டுக் காப்ளருக்குப் பழம் அங்கிருந்துதான் வருகிறது.

இனி, நான் செய்யும் அளவைச் சொல்கிறேன். 7 அங்குல அகலமும் 2 அங்குல ஆழமும் உள்ள வட்டமான கேக் பாத்திரத்துக்கு இது பொருந்தும். பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் அளவாவது காற்றுக்கு இடைவெளி இருக்க வேண்டும். ப்ளூபெர்ரியும் ப்ளாக்பெர்ரியும் சேர்த்து 300 கிராம், ராஸ்பெர்ரி 100 கிராம் எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ராபெர்ரி நிறைய நீர்விட்டு நிறம் வெளுப்பதால் அதை நான் சேர்ப்பதில்லை. சேர்க்க விரும்புவோர் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளலாம். 60 கிராம் சர்க்கரை, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை முதலில் உலர்வாகக் கலந்து, பழத்தில் புரட்டி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, எவர்சில்வர் வாணலியில் மிதமான தீயில் வைக்க வேண்டும். இரும்பு வாணலியும் அலுமினியப் பாத்திரமும் இந்தப் புளிப்புக்கு ஆகா. உறைந்த பழமானால் அரை மேசைக்கரண்டி ஸ்டார்ச் கூடுதலாகத் தேவைப்படும். பழத்தைக் கரையவிடாமல் அப்படியே வாணலியில் போடலாம். அடிப்பிடிக்காமல் மெல்லத் துழாவி, நடுவிலும் குமிழி வந்தபின் இரண்டு மூன்று நிமிடங்கள் கொதிக்கவிட்டால் பழம் பாதி உடைந்து, பாதி முழுதாக, சாறு கண்ணாடி போல இருக்கும்.

மாவை முன்னதாகவே தயாராக வைத்துக்கொள்வது அவசியம். 125 கிராம் மைதா, 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றில் குளிர்ந்த வெண்ணெய் 55 கிராமைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, விரல் நுனியால் உதிர்த்து, புட்டு மாவுப் பதம் வந்ததும் 100 மில்லி குளிர்ந்த பாலை ஊற்றி இரண்டு மூன்று சுற்றுக் கிளறினால் போதும். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் மாவு இறுகி ரப்பர் போலாகிவிடும். வெண்ணெய் துண்டுகள் ஆங்காங்கே தெரிவது குறையல்ல. அவை உருகி விடும் இடத்தில்தான் மாவு உப்பும்.

கொதிக்கும் பழத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, ஏழெட்டு இடங்களில் மாவை இடைவெளிவிட்டு வைத்து, 165 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடங்கள் வைக்க வேண்டும். அமெரிக்க இயந்திரங்களில் இது 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சற்று மேல். கண்ணாடிப் பாத்திரமானால் இன்னும் சில நிமிடங்கள் பிடிக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தில் கொதிக்கும் பழத்தை ஊற்றினால் வெடித்துவிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். மேல்நிறத்தை மட்டும் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. நடுவிலுள்ள மாவு ஒன்றைக் கரண்டியால் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஈரப்பசை இல்லாமல் இட்லி போல வெந்திருந்தால் எடுத்துவிடலாம்.

தங்கள் செய்முறையின் கடைசி வரி, கருகினால் மேலே ஃபாயில் தாளைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. விசிறி சுழலும் இயந்திரத்தில் தளர்வாகப் போட்ட தாள் பறந்து மேலேயுள்ள கம்பிச்சுருளில் ஒட்டிக்கொள்ளும்; தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி இறுக மடித்துவிட்டால் ஆபத்தில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். சூட்டைக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் தாளே தேவைப்படாது.

எடுத்தவுடன் பரிமாறினால் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் சாறு ஓடத்தான் செய்யும். ஆறும்போதுதான் ஸ்டார்ச் இறுகுகிறது. ஆகவே இருபது நிமிடமாவது பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இருபது நிமிடங்களுக்குள் பேரக் குழந்தைகள் வெனிலா ஐஸ்க்ரீம் டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள்.

பத்திரிகையில் வரும் சமையல் குறிப்பைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. என் தாயார் ஒட்டிவைத்த நோட்டு இப்போதும் என்னிடம் உள்ளது. ஒட்டியவர்கள் திருத்தத்தையும் அதன் அருகிலேயே ஒட்டிக்கொள்ள ஏதுவாக, அதே இணைப்பில், அதே பக்கத்தில், பழத்தை முதலில் கொதிக்கவிட வேண்டும் என்பதையும், கார்ன்ஸ்டார்ச், பேக்கிங் பவுடர் ஆகிய சரியான பெயர்களையும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நியூ ஜெர்சித் தோட்டங்களில் ப்ளூபெர்ரிப் பறிப்பு ஆகஸ்ட் தொடக்கத்தோடு ஓய்ந்துவிடும். இந்த மாதம் முடிவதற்குள் அது வந்தால், இங்குள்ள வாசகர்கள் புதுப் பழத்திலேயே செய்து பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நியூ ஜெர்சி, அமெரிக்கா