பிரான்ஸின் கிரெனோபிளில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

ஸ்டெரைல் நியூட்ரினோ என்ற, இன்னும் யாரும் உறுதியாகக் காணாத துகளைத் தேடலாம் என்றுதானே அங்கே போனாய். இப்போது அணுப்பிளவுத் துண்டுகளை அளக்கச் சொல்கிறார்கள், தேடல் எனக்கு முன்பே முடிந்துவிட்டது என்று போனில் வருத்தப்பட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கயல்.

நீ வேலை செய்யும் அணு உலையையே எடுத்துக்கொள். 58 மெகாவாட் சிறிய உலைதான், ஆனாலும் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கோடி எதிர்நியூட்ரினோக்கள் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்கள்) அதிலிருந்து கிளம்புகின்றன. 1980களில் அங்கேதான் யுரேனியம் 235-ஐ நியூட்ரான்களால் பிளந்து, வெளிவந்த எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தார்கள். அந்த ஒவ்வொரு எலக்ட்ரானோடும் ஓர் எதிர்நியூட்ரினோ வருவதால், ஓர் உலையிலிருந்து எத்தனை எதிர்நியூட்ரினோ வரவேண்டும் என்ற கணக்கு அந்த அளவீட்டின் மேல்தான் நிற்கிறது. 2011இல் கணக்கைத் திருத்திப் போட்டபோது, உலைகளின் அருகே வைத்த கருவிகள் சராசரியாக 6 சதவீதம் குறைவாக எண்ணியிருப்பது தெரிந்தது. காணாமல் போனவை, தெரிந்த மூன்று வகைகளைத் தாண்டி, எதனோடும் வினைபுரியாத நான்காவது வகையாக, அந்த ஸ்டெரைல் நியூட்ரினோவாக மாறியிருக்குமோ என்று அப்போதுதான் பல நாடுகளில் உலைகளின் அருகே தேட ஆரம்பித்தார்கள்.

உங்கள் உலையிலேயே வைத்த ஸ்டீரியோ கருவியை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. கடோலினியம் கலந்த ஒளிர்திரவம் நிரம்பிய ஆறு அறைகள், உலையின் மையத்திலிருந்து 9 முதல் 11 மீட்டருக்குள். எதிர்நியூட்ரினோ ஒரு புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நியூட்ரானும் பிறக்கும்; முதலில் பாசிட்ரானின் ஒளி, சற்றுப் பொறுத்து நியூட்ரானைக் கடோலினியம் பிடிக்கும்போது இன்னொரு ஒளி. 1956இல் ரைன்ஸும் கோவனும் காட்மியத்தை வைத்துச் செய்ததும் இதேதான். ஆனால் ஸ்டீரியோக்காரர்கள் பழைய கணக்கை நம்பவே இல்லை. ஓர் அறையை அடுத்த அறையோடு ஒப்பிட்டார்கள். நான்காவது வகை இருந்தால், தூரம் கூடக் கூட ஆற்றல் வரைபடத்தின் வடிவம் மாறியாக வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேல் எண்ணிய பிறகும் மாறவில்லை. குறைவு மட்டும் எல்லா அறைகளிலும் ஒரே மாதிரி இருந்தது. 2023 ஜனவரியில் முடிவு வெளியானது.

அப்படியானால் சந்தேகம் பழைய அளவீட்டின் மேல்தான் விழுகிறது. எடைக்கல் கனமாக இருந்தால் சரக்கு குறைவாகத்தானே தெரியும்? சீனாவின் தாயா பே ஆய்வு 2017இலேயே யுரேனியம் 235-ஐத்தான் சுட்டியது. 2021இல் மாஸ்கோவின் குர்ச்சதோவ் நிறுவனம் எலக்ட்ரான்களை மறுபடி அளந்தபோதும், யுரேனியத்துக்கான பழைய எண் சுமார் 5 சதவீதம் கூடுதல் என்றே வந்தது.

இதையெல்லாம் படித்த பிறகுதான் உனக்குக் கிடைத்த வேலை எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு உண்டாகிறது, எப்படிச் சிதைகிறது என்று தெரிந்தால், அந்தப் பழைய எண்ணை நம்பாமலே கணக்குப் போடலாமே. 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பக்கம், கணக்கைவிட அதிகமாக எதிர்நியூட்ரினோக்கள் வருவதாகப் பல நாட்டுக் கருவிகளில் தெரியும் அந்த மேட்டுக்கும் இன்னும் ஒத்துக்கொண்ட விளக்கம் இல்லை. ரஷ்யாவின் காகசஸில் பாக்சான் ஆய்வுக்கூடத்தில் காலியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்த சோதனையிலும் நியூட்ரினோ எண்ணிக்கை 20 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. அங்கே உலை இல்லை, கதிரியக்கக் குரோமியம் 51-தான் நியூட்ரினோக்களைத் தருகிறது. அதனால் உலைக் கணக்கைத் திருத்துவது அதற்கு உதவாது. தேடல் முடிந்துவிட்டதென்று யார் சொன்னது?

அந்தத் துண்டுகளில் ரூபிடியம் 92-ஐ நீங்கள் எப்போது அளக்கப்போகிறீர்கள்? உயர் ஆற்றல் பக்கம் அதன் பங்குதான் பெரிது என்று படித்தேன். அடுத்த தடவை கூப்பிடும்போது அதைப் பற்றி விளக்கமாகச் சொல். அப்பா உன் குளிர் கோட்டைப் பற்றி விசாரித்தார்.

அன்புடன்,
அம்மா