சருகு இல்லாமல் உரத்தொட்டி இல்லை: நலச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சமையலறைக் கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்க வேண்டும் என்ற பொதுக்குழுத் தீர்மானத்தை ஏற்றுத் தொட்டி வாங்கிய பல வீடுகளில், இன்று அது வீட்டின் பின்புறப் பொடக்காலியில் கவிழ்ந்து கிடக்கிறது. நாற்றமும் புழுவும் தாங்கவில்லை என்கிறார்கள். அந்தத் தொட்டிகளுக்குள் போயிருக்க வேண்டிய சருகோ, பூங்கா மூலையில் காலைதோறும் எரிந்துகொண்டிருக்கிறது.

மட்கும் குவியலில் கரிமச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 30:1 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். சருகில் கரிமச்சத்து மிகுதி; காய்கறித் தோலிலும் பழச்சக்கையிலும் தழைச்சத்தும் ஈரமும் மிகுதி. தோலையும் சக்கையையும் மட்டும் கொட்டினால் அவை சேறாகப் படிந்து, காற்றுப் புகாமல் அழுகிவிடும். ஒரு பங்கு கழிவுக்கு இரு பங்கு சருகு தூவி, தொடக்கத்தில் சிறிது சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் அடங்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டுமே கசிய வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு, உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர். ஆடிக் காற்று வீசும்போது ஈரச் சாக்கால் மூடுவது நல்லது. வேம்பு, புங்கன் இலைகள் எளிதில் நொறுங்கும். தென்னை மட்டையை நறுக்காமல் போடுவது வீண். சருகுக்கு மாற்றாகப் பலர் காசு கொடுத்து வாங்கும் தென்னைநார்த் தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்றாலும், அதில் கரிமச்சத்து 112:1 என்ற அளவுக்கு மிகுந்திருப்பதால் மட்க நெடுநாள் ஆகும். இலவசமாக உதிர்வதை எரித்துவிட்டுப் பொள்ளாச்சித் தென்னைநார்த் தூளை விலைக்கு வாங்குவது நம் ஊர்ச் சிக்கனத்துக்கே பொருந்தாது.

தோட்டக் கழிவைத் தனியே சேர்க்க வேண்டும், தெருவில் எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே கூறப்பட்டது. கோவை மாநகரின் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் பற்றி எரிந்ததைக் கண்டு வருந்திய நாம், அதன் சிறு பதிப்பைப் பூங்காவில் நடத்துகிறோம். துப்புரவுப் பணியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். விடிந்ததும் தெரு துடைத்தாற்போல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவோர் நாம்தான்.

எனவே, இலையுதிரும் மாசி, பங்குனிக்கு முன்பாகத் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் நான்கடி உயரக் கம்பிவலைக் கூண்டு ஒன்றை அமைத்து, சருகை அதில் சேர்த்து, வேண்டிய வீட்டார் சாக்கில் அள்ளிச் செல்ல அனுமதிக்குமாறும், எரிப்பதை நிறுத்தும்படி பணியாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வலைக்கான செலவை எங்கள் வீதியார் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் வீதிக் குடியிருப்பாளர் ஒருவர்,
கோவை.