மீன் சந்தைக்குத் தேவை குழாய் நீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் கடலோர ஊர்களின் மீன் சந்தைகள் பலவற்றில் ஐஸ் கட்டியைத் தரையில் போட்டு உடைப்பதையும், மீன் கழுவிய வாளித் தண்ணீரிலேயே கத்தியையும் பலகையையும் அலசுவதையும் இன்றும் காண முடிகிறது. உறைய வைப்பதால் மட்டும் கிருமிகள் அழிந்துவிடுவதில்லை. 1991-இல் பெரு நாட்டில் காலரா பரவியபோது பச்சை மீனும் அசுத்த நீரில் செய்த ஐஸும் அதற்கு வழியாயின. நன்றாகக் கொதித்த மீன் குழம்பால் அச்சமில்லை. ஆனால், மீன் நறுக்கிய கையும் பலகையும் பட்ட உணவு குழந்தையின் வயிற்றுக்குள் கிருமியைக் கொண்டுசேர்க்கிறது, வயிற்றுப்போக்கு கண்டால் விரைவில் நீரிழந்து துவண்டுபோவதும் சின்னஞ்சிறு பிள்ளைகள்தாம். விடியற்காலை முதல் கூடையருகே அமர்ந்திருக்கும் மீனவப் பெண்களைக் குறை சொல்வது நியாயமே அல்ல. அவர்களிடம் கட்டணம் வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்புகள் குழாய் நீர், கழிப்பறை, மூடிய வடிகால் ஆகியவற்றை அமைத்து, ஐஸ் ஆலைகளின் தண்ணீரை மாதந்தோறும் பரிசோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்