பாடத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கல்வி மலரில், மின்னணுத் துறையின் வளர்ச்சிக்குத் தொழில்நுட்ப மேலாண்மைப் படிப்புகள் ஈடுகொடுத்துவிட்டதாக ஒரு வரி. பாடத்தின் தலைப்பில் ‘இண்டஸ்ட்ரி 4.0’ (கணினியும் இணையமும் இணைந்த உற்பத்தி முறை) என்று சேர்ப்பதுதான் ஈடுகொடுப்பது என்றால், மறுபேச்சில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் எம்பிஏ பட்டதாரியிடம் சர்க்யூட் போர்டில் உதிரிகளை ஒட்டும் ஈயப்பசையான சோல்டர் பேஸ்ட் டப்பா ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 2 முதல் 10 டிகிரி குளிரில் இருப்பது. வெளியே எடுத்தபின் மூடியைத் திறக்காமல் சுமார் 4 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் பேஸ்ட்டில் இறங்கும். பேஸ்ட்டை உருக்கி ஒட்டவைக்கும் ரீஃப்ளோ அடுப்பில் அது தெறித்து, ஐசி எனும் சிப்பின் கால்களுக்கு நடுவே குட்டிக் குட்டி மணிகளாக நிற்கும். காலை 6 மணி ஷிப்டுக்கு இரவு 2 மணிக்கே டப்பாவை எடுத்து வைக்க வேண்டியவர் இரவு ஷிப்ட்காரர். அவருடைய டார்கெட்டில் அந்த வேலை இல்லை! மேலாண்மை என்பது இந்த இடம்தானே? பட்டதாரியோ, கோளாறின் காரணங்களை முள் முள்ளாகப் பிரித்துக் காட்டும் மீன்முள் படம் வரைந்து, ‘மனிதன்’ என்ற முள்ளில் காலை ஆப்பரேட்டரைச் செருகிவிட்டுப் போகிறார்.

ஐசி பொட்டலத்திலும் இப்படித்தான். எம்எஸ்எல் 3 (ஈரத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான தர எண்) என்று போட்டதைப் பிரித்தால், 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்கு மிகாத அறையில் 168 மணி நேரம்தான் கெடு. தாண்டினால் ஓவனில் காயவைத்த பிறகே அடுப்புக்குப் போகலாம். ஐப்பசி மழையில் ஏசியைக் குறைத்து மின்கட்டணத்தில் மிச்சம் காட்டுபவர், அதை, பழுதாகித் திரும்பி வரும் பொருட்களுக்காக சர்வீஸ் சென்டரில் வட்டியோடு கட்டுகிறார்.

வகுப்பில் இன்னும், டிஜிட்டல் கேமராவுக்கு மாறத் தவறி வீழ்ந்த பிலிம் கம்பெனி கோடாக்கின் கதைதான். 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலை சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டன் போனை விட்டுத் தொடுதிரைக்கு ஓடிய சந்தை, வரி வழக்கு, நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்ட் கைக்குப் போகாமல் தனியே நின்ற ஆலை: ஒரு செமஸ்டருக்குத் தாங்கும். தாங்கள் அறியாததல்ல. 2020-ல் வந்த பிஎல்ஐ எனும் உற்பத்தி சார்ந்த மத்திய அரசு ஊக்கத்தொகைத் திட்டத்தையும் ‘மானியம்’ என்றே எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அடிப்படை ஆண்டைவிடக் கூடுதலாக விற்றால்தான் காசு என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

தொழிற்சாலைப் பார்வையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பஸ் நிறைய மாணவர்கள், காலை டிபன், இஎஸ்டி கோட்டு (நிலைமின்சாரம் உதிரிகளைத் தாக்காமல் காப்பது) மாட்ட அரை மணி, கண்ணாடிக்கு வெளியே இருபது நிமிடம், வாசலில் குரூப் போட்டோ. பிறகு நாற்பது பக்கம் ஸ்பைரல் பைண்டிங்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த மலரில் கல்லூரிப் பட்டியல் போடும்போது, கட்டணம், விடுதி, பிளேஸ்மென்ட் கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘மாணவர் உற்பத்தி லைனில் நின்ற நாட்கள்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். விளம்பரத்துக்கு இடம் குறையுமென்றால் சின்ன எழுத்திலாவது.

இப்படிக்கு,
மின்னணு உற்பத்திப் பிரிவு வாசகர்,
ஸ்ரீபெரும்புதூர்