மேய்ச்சல் தரைய முதல்ல அளந்து தாங்க, நட்டஈடு பிறகு கதைப்பம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

கொஞ்ச நாளைக்கு முந்தி எங்கட ஊர்ல ஒரு கூட்டம். அதில ஒருத்தர் எழும்பி, பண்ணையாளருக்கு காச குடுத்து மாட்ட காட்டுக்குள்ள விடாம நிப்பாட்டலாம்தானே, சீனாவில அப்பிடித்தானே செய்யுறாங்க எண்டு சொன்னார். எனக்கு அது மனசில கிடந்து உறுத்தினதால தேடி வாசிச்சுப் பாத்தன்.

அவர் சொன்னது உண்மைதான். 2011 இல இருந்து உள் மங்கோலியா, திபெத் பக்கமெல்லாம் அந்தத் திட்டம் இருக்கு. மேய்ச்சல முழுசா நிப்பாட்டின நிலத்துக்கு ஒரு மூவுக்கு வருசம் 6 யுவான், மாட்ட ஆட்ட அளவாக் குறைச்சு மேய்ச்சா 1.5 யுவான், 2016 இல அத 7.5, 2.5 எண்டு கூட்டினாங்க. மூ எண்டுறது சின்ன அளவு, எங்கட ஒரு ஏக்கருக்குள்ள கிட்டத்தட்ட 6 மூ வரும். புல்லு பிழைக்கணும் எண்டதில அங்கத்த மேய்ப்பருக்கும் மாற்றுக் கருத்தில்ல, காசு காணாது எண்டுதான் கனபேர் குறை சொல்லுறாங்க. ஏனெண்டா காசு நிலத்த அளந்து வருது, நட்டம் மாட்ட எண்ணித்தான் வருது. நிலம் கூட உள்ளவனுக்கு நல்ல காசு, கொஞ்ச நிலத்தில கன உருப்படி வச்சிருக்கிறவன் வைக்கோல விலைக்கு வாங்கியே முடிஞ்சு போறான், அதால ராவில களவா மேய்க்கிறதும் நடக்குது. அவங்களக் குத்தம் சொல்ல எனக்கு மனம் வரல்ல, பட்டியில மாடு பசியில கத்தினா எப்பிடி இருக்கும் எண்டு வளத்தவனுக்குத்தான் தெரியும்.

ஆனா ஒண்டு ஐயா, அங்க நிலம் அரசாங்கத்திடயோ ஊர்டயோ எண்டாலும் இந்தத் துண்டு இந்தக் குடும்பம் பாவிக்கிறது எண்டு பேர்ல எழுதிக் குடுத்திருக்கு. எங்களுக்கு எங்க இருக்கு? திருகோணமலையில மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் தலைமுறையா மாடு மேய்க்கிற இடத்துக்கு எங்கட கையில ஒரு துண்டுக் கடதாசி இல்ல. நாளைக்கே நட்டஈடு எண்டு ஒரு திட்டம் வந்தா ஆர்ட பேருக்கு அந்தக் காசு போகும்? மட்டக்களப்பில மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர் 2023 இல சித்தாண்டியில போராட்டத்தில உக்காந்தது காசு கேட்டு இல்ல, மேய்ச்சல் தரையக் கேட்டு.

எங்கட பக்கம் மாரி வந்தா வில்லு எண்டுற தாழ்வான புல்லுத்தரை முழுக்க தண்ணி, வயல் முழுக்க வேளாண்மை, மாடு நிக்க மேட்டுக் காடு மட்டும்தான் மிச்சம். வயலுக்குள்ள ஒரு மாடு இறங்கினா தெண்டம் கட்டணும், அது ஞாயம், அவங்களும் கடன்பட்டு விதைச்சவங்க. காட்டுக்குள்ள போனா அரசாங்கம் நட்ட எல்லைக் கல்லு. போன மாரியில எங்கட அப்பாவ அந்தக் கல்லடியில மறிச்சு திருப்பி விட்டாங்க, எழுபது வயசு மனுசன் மாட்டோட ரெண்டு நாள் மழைக்குள்ள றோட்டோரம் நிண்டார், அதில மூண்டு கண்டு செத்துப் போச்சு. அப்பா கேட்டது ஒண்டுதான், "எங்க போகச் சொல்லுறீங்க தம்பி, அத எண்டாலும் காட்டுங்க" எண்டு.

காசு வேணாம் எண்டு நான் சொல்லல்ல. முதல்ல மேய்ச்சல் தரைய அளந்து, வர்த்தமானியில போட்டு, எந்த ஊர்ப் பட்டிக்கு எந்த இடம் எண்டு எழுதித் தாங்க. பிறகு இதில இவ்வளவு துண்ட ரெண்டு வருசம் மேய்க்காம விடுங்க எண்டு கேட்டா நாங்களே காவல் நிப்பம், அதுக்கு தாற காச மாட்டுக் கணக்கில தாங்க, ஏக்கர் கணக்கில வேணாம்.

இன்னொண்டு, அளக்க வாற அதிகாரிமார் தயவு செய்து ஆடி ஆவணியில வராதீங்க. அப்ப கன மாடு வில்லுக்குள்ளயும் வெட்டின வயலுக்குள்ளயும் நிக்கும், காட்டப் பாத்திட்டு இங்க மாடே இல்லயே எண்டு எழுதிட்டுப் போயிருவீங்க. மார்கழியில வாங்க, அப்பாவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

இப்படிக்கு,
பட்டிக்காரர் ஒருத்தர்ட மகன்,
மூதூர், திருகோணமலை.